கம்பனியின் நேர்மையை அளக்க வந்த ஆணையாளர்

1990களின் நடுப்பகுதியில் ஒருநாள், கொழும்பிலுள்ள பெரிய கம்பனி ஒன்று எங்களை ஒரு ஹோட்டலுக்கு அழைத்திருந்தது. கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். தனது ஊழியர்களுக்கான ஒழுக்கக்கோவை ஒன்றை அது அன்று வெளியிட்டது. வழுவழுப்பான தாளில் அச்சிட்ட அந்தக் கைந்நூலில், வெளியாரிடமிருந்து பரிசு பெறலாகாது, வெளியாருக்குப் பரிசு கொடுக்கலாகாது என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஊழியர்களிடம் வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்து நிறுவனத்தின் நேர்மையை மதிப்பிட்டதாகவும், பெறுபேறு மிகவும் திருப்தி தருவதாகவும் முகாமையாளர் ஒருவர் கூறினார். கூட்டம் முடிந்து தேநீர் அருந்திய பின்னர், பத்திரிகையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பை தரப்பட்டது. உள்ளே ஒரு சுவர்க்கடிகாரம். நானும் வாங்கிக்கொண்டேன்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அதே கம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கண்டேன். அவர் எங்கள் பகுதியைச் சேர்ந்தவர். "அண்ணை, உங்களிடமும் அந்த வினாக்கொத்தைத் தந்தார்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நாங்கள் கொந்தராத்து ஆட்கள் தம்பி. எங்களிடம் ஏன் கேட்கப்போகிறார்கள்?" என்றார். மறுநாள் என் செய்தி வெளிவந்தது. அதில் ஒழுக்கக்கோவை இருந்தது; அவர் சொன்னது இருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி பற்றி ஒரு தொடர் எழுதுவதற்காகப் பழைய ஆவணங்களின் மொழிபெயர்ப்புகளைப் படித்தபோது இந்தச் சம்பவம் மீண்டும் நினைவுக்கு வந்தது. ஒரு மாபெரும் கம்பனி தன் ஊழியர்களின் நேர்மையை ஆராய்வதற்கென்றே முழு அதிகாரத்துடன் ஓர் ஆணையாளரை அனுப்பிய வரலாறு அது. அவர் வந்து சென்ற இடங்களில் நமது கரைகளும் அடங்கும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி தோன்றியது. ஆறு நகரங்களின் சபைகள் இணைந்த அமைப்பு அது. உச்சியில் "பதினேழு கனவான்கள்" என்று அழைக்கப்பட்ட பணிப்பாளர் குழு இருந்தது. போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் அதற்கு உரிமை வழங்கப்பட்டிருந்தது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகபட்டினத்தையும் கைப்பற்றிய அரசு உண்மையில் ஓர் அரசே அல்ல. பங்குதாரருக்கு இலாபம் தேடிய ஒரு கம்பனி. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்தக் கம்பனியில் சேர்ந்தவர் எவராயினும் அதன் விதிக்கோவையின் மீது சத்தியம் செய்தே சேர்ந்தார். சொந்த வியாபாரம் செய்யலாகாது என்பது அந்த விதிகளில் முக்கியமானது. ஆனால் சம்பளம் என்ன? ஒரு போர்வீரனுக்கு மாதம் 9 கில்டர். வணிகர் பதவியிலுள்ள அலுவலருக்கு 60 கில்டர் அளவில். அந்த 60 கில்டர்காரரின் கையால்தான் இலட்சக்கணக்கான கில்டர் பெறுமதியான கறுவாவும், மிளகும், பட்டும், அபினும் கடந்து சென்றன. வீடு திரும்பிய அலுவலர் பலர் ஆம்ஸ்டர்டாமில் மாளிகை வாங்கினார்கள். சம்பளத்தை எத்தனை ஆண்டு சேமித்தாலும் அது முடியாத காரியம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், சட்டவிரோதமாகச் சேர்த்த பணத்தைத் தாயகம் அனுப்ப அவர்கள் பயன்படுத்திய வழிகளில் ஒன்று கம்பனியின் சொந்த உண்டியல்களே. ஆசியாவில் கம்பனிக் கல்லாவில் பணத்தைக் கட்டி, ஆம்ஸ்டர்டாமில் அதே கம்பனியிடம் பெற்றுக்கொண்டார்கள். சம்பளப் பதிவேட்டையும் உண்டியல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும், யார் எவ்வளவு சுருட்டினார் என்பது தெரிந்திருக்கும்.

சுருட்டும் முறைகளும் எளியவையே. அரிசியோ மிளகோ களஞ்சியத்தில் கிடந்தால் எலி தின்னும், ஈரம் பிடிக்கும், சிந்தும். ஆகவே இத்தனை வீதம் சேதம் என்று கம்பனியே கழிவு அனுமதித்தது. சேதம் நேராவிட்டாலும் கழிவு எழுதப்பட்டது. மிச்சம் அலுவலரின் பைக்குப் போனது. குடிகளிடம் வாங்கும்போது ஒரு நிறைகல், கம்பனிக்குக் கணக்குக் கொடுக்கும்போது இன்னொரு நிறைகல். நெசவாளரிடம் ஒரு விலைக்கு வாங்கிய துணி, ஏட்டில் வேறு விலைக்கு ஏறியது. வங்காளத்தில் இது எல்லை கடந்து, அலுவலர்கள் தமக்குள் கூட்டுச் சேர்ந்து கம்பனிக்குள்ளேயே "சிறிய கம்பனி" ஒன்றை நடத்துகிறார்கள் என்று பேசப்படும் நிலை உருவானது.

இந்த நிலையில்தான் 1684இல் பதினேழு கனவான்கள் ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் றீட் என்பவரை ஆணையாளர் நாயகமாக நியமித்தார்கள். தாவரவியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் நன்கு தெரிந்திருக்கும். மலபாரில் கம்பனியின் தலைவராக இருந்த 1670களில், அங்குள்ள மூலிகைகளையும் மரஞ்செடிகளையும் உள்ளூர் வைத்தியர்களின் உதவியுடன் திரட்டி "ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்" என்ற 12 தொகுதி நூலை உருவாக்கியவர் அவர்தான். 1678இல் தொடங்கிய அந்த வெளியீடு 1693இல், அவர் இறந்த பின்னரே நிறைவுற்றது. ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனின் பெயரை அந்நூலில் இடம்பெறச் செய்தவர் என்ற வகையில், சுதேசிகளை மதிக்கத் தெரிந்த ஐரோப்பியர் என்று அவரைச் சொல்லலாம். தனது மேலதிகாரிகளுடன் மோதிப் பதவி விலகிச் சென்ற வரலாறும் அவருக்கு உண்டு. நேர்மையை ஆராய ஒருவரை அனுப்புவதென்றால் இவரைவிடப் பொருத்தமானவரைத் தேடியிருக்க முடியாது.

வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார் ஆகிய இடங்கள் அவரது விசாரணை எல்லைக்குள் வந்தன. எவரையும் பதவி நீக்கலாம். எந்த ஏட்டையும் திறந்து பார்க்கலாம். 1685இல் நன்னம்பிக்கை முனையில் இறங்கி அங்குள்ள நிர்வாகத்தைச் சீர்செய்தார். பின் இலங்கை வழியாக வங்காளம் சென்று, ஏடுகளைப் புரட்டி, மோசடிகளை வெளிப்படுத்தி அலுவலர்களைப் பதவி நீக்கினார். சோழமண்டலக் கரையில் கம்பனியின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகபட்டினத்துக்கு மாற்றுவித்தவரும் அவரே. அது 1690இல் நடந்தது. யாழ்ப்பாண நிர்வாகத்துக்கும் விரிவான அறிவுறுத்தல்களை எழுதி வைத்தார். ஏழு ஆண்டுகள் கடலிலும் கரையிலும் அலைந்த அம்மனிதர், சூரத்துக்குச் செல்லும் வழியில் 1691 டிசம்பரில் பம்பாய்க்கு அப்பால் கப்பலில் இறந்தார். சூரத்திலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் மிகப் பெரிதாக நிற்கும் நினைவு மண்டபம் அவருடையதுதான். சிக்கனத்தையும் நேர்மையையும் ஏழாண்டு போதித்தவருக்கு அவ்வளவு ஆடம்பரமான கல்லறையைக் கட்டியவர்களின் மனதில் என்ன இருந்ததோ!

அவர் போன பின்பு என்ன நடந்தது? நடந்தவை பெரிதாக ஒன்றுமில்லை என்பதே வரலாற்றின் பதில். 1680களின் இறுதியில் பணிப்பாளர்கள் இன்னொரு வழியையும் முயன்றார்கள். உள்ளூர் ஆளுநருக்குக் கட்டுப்படாமல் நேரே தாயகத்துக்குப் பதில் சொல்லும் "சுதந்திர பிஸ்கால்" என்ற அதிகாரிகளை நியமித்தார்கள். நமது நீதிமன்றங்களில் வழங்கிய பிஸ்கால் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதே. கள்ள வியாபாரத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் கடமை. அவர்களின் வருமானத்தில் ஒரு பகுதி, பிடிபட்ட பொருளிலும் தண்டத்திலும் கிடைத்த பங்கு. ஆகையால் குற்றமே நடக்காவிட்டால் பிஸ்காலுக்கு வருமானம் குறையும். பிடித்த குற்றத்தை மறைத்துவிட்டால் மற்றப் பக்கத்திலிருந்து அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இதை வகுத்தவர்கள் வியாபாரிகள்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தண்டனைகள் இல்லாமலும் இல்லை. 1722இல் பத்தாவியாவில் கள்ளக்கடத்தல் செய்த கம்பனி ஊழியர் 26 பேரின் தலைகள் ஒரே நாளில் வெட்டப்பட்டன. 1731இல் ஆளுநர் நாயகம் டூர்வனையே பதவி நீக்கித் தாயகத்துக்கு அழைத்தார்கள். நம் நாட்டில் தேசாதிபதியாக இருந்த பேத்ருஸ் வைஸ்ட், பொய் விசாரணைகள் நடத்தி மனிதர்களைக் கொன்ற குற்றத்துக்காக 1732இல் பத்தாவியாவில் கொல்லப்பட்டார். கம்பனி கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பின்னர் ஒரு கட்டத்தில் கம்பனி களைத்துப்போனது போலும். முன்னர் இலங்கையில் தேசாதிபதியாக இருந்த வான் இம்ஹொவ் ஆளுநர் நாயகமானதும், 1745இல் அபின் சங்கம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அதுவரை களவாக அபின் விற்ற அதிகாரிகள் அதன்பின் அச்சங்கத்தின் பங்காளராகி முறைப்படி இலாபம் பெற்றார்கள். இருபது ஆண்டுகளின் பின் வங்காளத்தில் ஆங்கிலக் கம்பனியின் றொபேட் கிளைவும் இதையே செய்தார். பரிசு வாங்கமாட்டோம் என்று அலுவலர்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய அதே 1765இல், உப்பு வியாபாரத்தின் இலாபத்தை மூத்த அலுவலர்கள் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கத்தை அமைத்துக் கொடுத்தார். குற்றத்தை ஒழிக்க முடியாத இடத்தில் விதியைத் திருத்திவிட்டால் குற்றம் மறைந்துவிடுகிறது.

இவ்வளவு தேடியும் ஏன் பயனில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள்: குறைந்த சம்பளம், கடிதம் போய்வர ஒன்றரை வருடத்துக்கு மேல், உறவுக்காரருக்குப் பதவி. எல்லாம் உண்மையே. எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. விசாரணை எப்போதும் கீழ்நோக்கியே சென்றது.

பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பணிப்பாளர்கள் தமது ஏட்டைத் திறக்கவே இல்லை. பத்தாண்டு முடிவில் பொதுக் கணக்கு வெளியிட வேண்டும் என்பது 1602ஆம் ஆண்டுச் சாசனத்தின் நிபந்தனை. 1612 வந்தது, கணக்கு வரவில்லை. அதற்கு முன்னரே, 1609இல், இஸாக் லெ மேர் என்ற பெரும் பங்குதாரர் நிர்வாகத்தைக் குறைகூறி மனு எழுதியிருந்தார். அவரும் பங்குச் சந்தையில் சூதாடியவர்தான், புனிதர் அல்லர். 1622இல் கோபமுற்ற பங்குதாரர்கள் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டார்கள். பணிப்பாளர்கள் கப்பல்களை ஆயத்தம் செய்யும் செலவில் நூற்றுக்கு ஒன்று தமக்குத் தரகாக எடுத்தார்கள்; செலவு கூடினால் தரகும் கூடும். கம்பனியின் சரக்கைத் தாமே வாங்கி விற்றார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1623இல் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது சில கட்டுப்பாடுகள் வந்தன. பெரிய பங்குதாரர் சிலர் கணக்கைப் பார்க்கலாம், ஆனால் இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். வங்காளத்து எழுதுவினைஞனின் ஏட்டை ஆணையாளர் திறந்து பார்த்தார். ஆம்ஸ்டர்டாம் கனவான்களின் ஏட்டை அவரை ஒத்த ஒருவர் திறந்ததில்லை.

இதைவிட ஆழமான இன்னொன்றும் உண்டு. யான் பீட்டர்சூன் கூன் என்ற ஆளுநர் நாயகம், ஊழியரின் சொந்த வியாபாரத்தைக் கடுமையாக வெறுத்தவர். கம்பனியின் கண்ணோட்டத்தில் அவர் ஒரு கறார்ப் பேர்வழி. அதே மனிதர்தான் 1621இல் சாதிக்காய்க்காகப் பாண்டாத் தீவுகளின் குடிகளை அழித்தார். ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேரளவிலேயே எஞ்சினார்கள் என்பர். பணிப்பாளர்கள், சற்று மென்மையாக நடந்திருக்கலாம் என்ற தொனியில் எழுதியதோடு நின்றுவிட்டார்கள். ஒரு மூடை சாதிக்காயைக் களவாக விற்றவனுக்குச் சிறை. தீவையே வெறுமையாக்கி அந்தச் சாதிக்காயைக் கம்பனி ஏட்டில் சேர்த்தவருக்கு இன்னொரு தவணைப் பதவி.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். வான் றீட் 1684இல் புறப்பட்டபோது அவருடன் ஓர் இளைஞர் இணைந்தார். பெயர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெகுரோன். ஆணையாளரின் செயலாளராக ஏடுகளைப் படிக்கக் கற்றவர். 1694இல் அவர் யாழ்ப்பாணத்தின் கொமாண்டர் ஆனார். 26 தலைகள் விழுந்த 1722இல் பத்தாவியாவில் ஆளுநர் நாயகமாக இருந்தவரும் இவரே. ஆசானின் பாடத்தை மறக்காதவர் என்று கொள்ளலாம். 1697இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் செல்லும்போது, தமக்குப் பதிலாக நிர்வாகம் நடத்துவோருக்கு வழிகாட்டியாக நீண்ட நிலையறிக்கை ஒன்றை எழுதினார். காலஞ்சென்ற ஆணையாளரின் அறிவுறுத்தல்களை அதில் இடத்துக்கிடம் நினைவூட்டுகிறார். யானை, சங்கு, சாயவேர், புகையிலை, பனைமரம், தோம்புப் பதிவு, குடிகள் கம்பனிக்குச் செய்ய வேண்டிய "ஊழியம்" என்ற கட்டாய வேலை, அதற்கு வராதோரிடம் அறவிட வேண்டிய தண்டம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. நமது ஊர்களைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக அக்காலத்தில் எழுதியவர்கள் சிலரே.

அந்த அறிக்கையில் அடிமைகள் பற்றியும் வருகிறது. 1690களின் நடுவில் தஞ்சாவூர்ப் பகுதியில் கடும் பஞ்சம். ஒரு பிடி அரிசிக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்தவர்கள் தோணிகளில் இக்கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1694 டிசம்பர் முதல் 1696 நவம்பர் வரையான இரண்டு ஆண்டுகளுக்குள் இப்படி வந்தவர்கள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் தமிழர்கள், நம் மொழியைப் பேசியவர்கள், வாங்கியவர்களில் நம்மவரும் இருந்திருப்பார்கள். இது களவு வியாபாரம் அல்ல. தலைக்கு இவ்வளவு சுங்கம் என்று கட்டி, பதிந்து, அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது. ஆகவே ஸ்வார்டெகுரோன் அதை முறைகேடுகளின் வரிசையில் சேர்க்கவில்லை. வருமானத்தின் வரிசையில் சேர்த்தார். ஒரு வெள்ளிக் காசும் அவர் தன் பைக்குள் போட்டதாக நான் சொல்லவில்லை. அவர் கணக்கு நேர்மையான கணக்கு.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரது ஆசான் வான் றீட் 1685இல் நன்னம்பிக்கை முனையில் கம்பனி அடிமைகளின் நிலையைக் கவனித்தவர். ஐரோப்பியத் தந்தையருக்குப் பிறந்த அடிமைப் பிள்ளைகள், ஒல்லாந்த மொழியும் சமயமும் கற்றிருந்தால், ஆண்கள் 25 வயதிலும் பெண்கள் 22 வயதிலும் விடுதலை கோரலாம் என்று கட்டளையிட்டார். அந்தக் காலத்துக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் அந்தக் கட்டளையிலும், விடுதலைக்குத் தகுதி தந்தது தகப்பனின் இரத்தமே. மற்றவர்கள் சரக்குப் பட்டியலிலேயே இருந்தார்கள்.

கம்பனி 1799ஆம் ஆண்டின் கடைசி நாளன்று முடிவுற்றது. பத்துக் கோடி கில்டருக்கும் மேற்பட்ட கடன் மிஞ்சியிருந்தது; அரசு அதை ஏற்றது. அதற்கு நான்கு ஆண்டு முன்னரே யாழ்ப்பாணக் கோட்டையில் ஆங்கிலேயரின் கொடி ஏறிவிட்டது. கம்பனியின் பெயர்ச்சுருக்கத்திலுள்ள மூன்று எழுத்துக்களைக் கொண்டு "ஊழலில் அழிந்தது" என்று பொருள்படும் ஒரு கேலித் தொடரை ஒல்லாந்தர் அமைத்தார்கள். கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஊழியர் திருடியது கம்பனியிடம் என்ற பார்வையே அதிலும் தொக்கி நிற்கிறது. கம்பனி யாரிடமிருந்து எடுத்தது என்ற கேள்வி அங்கும் இல்லை.

ஸ்வார்டெகுரோனின் அறிக்கையை ஸோபியா பீட்டர்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1911இல் கொழும்பு அரசாங்க அச்சகத்தில் அச்சாயிற்று. மூல ஏடுகள் அடங்கிய ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பேணப்படுகின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவை சேர்க்கப்பட்டன. தொடருக்காக அந்த நூலை முதன்முறை படித்தபோது நான் எடுத்த குறிப்புகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. யானை விலை இருக்கிறது, சாயவேரின் நிறை இருக்கிறது, அடிமைகள் பகுதிக்கு நேரே சுங்கத் தொகை இருக்கிறது. தோணிகளில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நான் குறித்திருக்கவில்லை. அதைப் பார்த்து எழுதிக்கொள்ள இன்னொரு நாள் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.